ஹோர்யூஜி கோயிலின் கடைசித் தலைமைத் தச்சர்

உலகில் இன்றும் நின்றுகொண்டிருக்கும் மரக்கட்டடங்களில் மிகப் பழையவை ஜப்பானில், நாரா நகருக்கு அருகே இக்கருகா என்ற ஊரில் இருக்கின்றன. அந்தப் பௌத்தக் கோயிலின் பெயர் ஹோர்யூஜி. இளவரசர் ஷோத்தோகு காலத்தில், கி.பி. 607-ல் கட்டப்பட்டது என்பது மரபு. 670-ல் தீக்கிரையானதாக அவர்களுடைய பழைய வரலாற்று நூல் சொல்கிறது. அதன் பிறகு ஏழாம் நூற்றாண்டின் இறுதியிலும் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக மறுபடி எழுந்த கட்டடங்களே இன்று நாம் பார்ப்பவை. அங்குள்ள ஐந்தடுக்குக் கோபுரத்தின் உயரம் சுமார் 32 மீட்டர். நடுத்தூணின் வளையங்களை எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள், அந்த மரம் 594-ல் வெட்டப்பட்டது என்று 2001-ல் அறிவித்தார்கள். அதாவது நம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து மரம்! பூகம்பமும் புயலும் ஓயாத ஒரு நாட்டில் 1,300 ஆண்டுகளாக அது சாயாமல் நிற்கிறது.

கல்லில் கட்டியது நிலைக்கும், மரத்தில் கட்டியது மக்கிப்போகும் என்று நினைத்துப் பழகியவர்கள் நாம். அந்தக் கோபுரம் எப்படி நிற்கிறது என்ற கேள்விக்கு விடை தேடினால் ஒரு தச்சரிடம்தான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. அவர் பெயர் நிஷியோகா சுனேகாசு. 1908-ல் பிறந்து 1995-ல் மறைந்தவர். பரம்பரையாக ஹோர்யூஜி கோயிலுக்கு ஊழியம் செய்த தச்சர் குடும்பம் அவருடையது. தாத்தா தலைமைத் தச்சர், தந்தையும் தச்சர்.

பையன் பள்ளி முடித்ததும் தொழிற்பள்ளியில் சேர்க்கலாம் என்றார் தந்தை. தாத்தா ஒப்புக்கொள்ளவில்லை. விவசாயப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். தச்சனுக்கு எதற்கு உழவு என்று நமக்கும் தோன்றும். மரம் மண்ணில் வளர்வது, மண்ணை அறியாதவன் மரத்தை அறிய மாட்டான் என்பது பெரியவரின் கணக்கு. படிப்பு முடிந்த பிறகும் விடவில்லை. வயலைக் கொடுத்து நெல் பயிரிடச் சொன்னார். பேரன் புத்தகத்தில் படித்தபடியே செய்தான். அக்கம்பக்கத்து விவசாயிகளைவிட விளைச்சல் குறைந்தது. நீ நெல்லோடு பேசாமல் புத்தகத்தோடு பேசினாய், மரத்திடமும் இதையே செய்யாதே என்ற கருத்தில் தாத்தா புத்தி சொன்னாராம்.

அந்தக் குடும்பத்தில் தலைமைத் தச்சருக்கென்று வாய்மொழியாக வந்த சில விதிகள் உண்டு. அவற்றில் சிலவற்றின் சாரத்தை மட்டும் சொல்கிறேன். மரத்தை வாங்காமல் மலையையே வாங்க வேண்டும் என்பது ஒன்று. மரம் எந்த மண்ணில், எந்தச் சரிவில், எந்தக் காற்றில் வளர்ந்தது என்று தெரிந்தால்தான் அதன் குணம் தெரியும். வளர்ந்த திசையிலேயே மரத்தை நிறுத்த வேண்டும் என்பது இன்னொன்று. மலையின் தென்சரிவில் வெயில் காய்ந்த மரம் கட்டடத்தின் தென்புறத்துக்கு, வடசரிவு மரம் வடபுறத்துக்கு. மூன்றாவது விதி, அளவை மட்டும் பார்த்து மரத்தோடு மரத்தைச் சேர்க்காதே, அதன் குணத்தைப் பார்த்துச் சேர். வலப்புறம் முறுக்கிக்கொள்ளும் மரத்துக்கு எதிரே இடப்புறம் முறுக்கும் மரத்தைப் பொருத்தினால் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக் கட்டடம் உறுதியாகும். அதே போல வேலையாட்களின் மனங்களையும் பொருத்துவது தலைவனின் கடமை. அது முடியாவிட்டால் பதவியை விட்டு இறங்கிவிட வேண்டும். அலுவலகங்களில் பிரிவுத் தலைவராக இருந்த நண்பர்கள் இந்தக் கடைசி விதியை இரண்டு முறை படிக்கலாம்.

இனிக் கருவிகளைப் பற்றி. இன்று நம் ஊர் ஆசாரிகள் பெரும்பாலும் ரம்பத்தையும் இழைப்புளியையும் முன்னால் தள்ளி வேலை செய்கிறார்கள். ஜப்பானியர் இரண்டையும் தம்மை நோக்கி இழுக்கிறார்கள். இழுக்கும்போது ரம்பத் தகடு நிமிர்ந்தே நிற்கும், வளையாது. ஆகவே தகடு மிக மெல்லியதாக இருக்கலாம், வெட்டும் ஒடுக்கமாக விழும். ‘கன்னா’ என்ற அவர்களுடைய இழைப்புளியில் திருகு எதுவும் கிடையாது. ஓக் மரக்கட்டையில் ஒரு கனத்த அலகு, அவ்வளவுதான். சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டியே அலகைக் கூட்டுவதும் குறைப்பதும். அந்த அலகு, உளி எல்லாம் இரண்டு உலோகத்தால் ஆனவை. வெட்டும் முனையில் கடினமான எஃகு, அதன் முதுகில் மிருதுவான இரும்பு. எஃகு கூர்மையைத் தரும், இரும்பு அதிர்ச்சியைத் தாங்கும், தீட்டுவதற்கும் சுலபம். இழைப்பதற்கென்றே அங்கே போட்டிகள் நடக்கின்றன. சில மைக்ரான் கனத்தில், தலைமுடியைவிட மிக மெல்லியதாக, முழு நீளச் சுருள் எடுத்துக் காட்டுகிறார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஆனால் ஹோர்யூஜி கட்டிய காலத்தில் இந்த இழைப்புளியே கிடையாது. மரத்தை நீளவாக்கில் அறுக்கும் பெரிய ரம்பமும் அவர்களிடம் இல்லை. அடிமரத்தில் ஆப்பு அடித்துப் பிளந்து, வாய்ச்சியால் செதுக்கி, ‘யாரிகன்னா’ என்ற ஈட்டி போன்ற கருவியால் மேற்பரப்பைச் சீவினார்கள். ஆப்பு வைத்துப் பிளந்தால் மரம் தன் நார் ஓடிய வழியிலேயே பிளக்கும். நார் அறுபடாத மரத்தில் தண்ணீர் எளிதில் ஏறாது. ரம்பம் நாரைப் பற்றிக் கவலைப்படாமல் நேர்கோட்டில் அறுத்துக்கொண்டு போகும். வசதியான கருவி வந்தபோது வேலை விரைவானது, மரத்தின் ஆயுள் குறைந்தது என்பது நிஷியோகாவின் வாதம்.

ஈட்டி இழைப்புளி பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்துவிட்டது. பழைய தூண்களில் அது விட்டுச்சென்ற தடங்களையும், எஞ்சியிருந்த பழம்பொருள்களையும் பார்த்து, அதை மறுபடி செய்வித்தார் நிஷியோகா. சாதாரண எஃகில் செய்தால் சரியாக வெட்டவில்லை. பழைய கோயில் ஆணிகளின் இரும்பைக் கொடுத்து, வாள் செய்யும் கொல்லரிடம் அடித்து வாங்கிய பிறகுதான் அது வேலை செய்தது. அதைப் பிடித்து இழைக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் உயிரோடு இல்லை, அவராகவே பழகினார். கோப்பில் இல்லாதது உலகிலேயே இல்லை என்பது எங்கள் அலுவலக வேதம். இங்கே கோப்பும் இல்லை, ஆளும் இல்லை. தூணில் இருந்த கீறல்தான் ஆவணம்.

1934-ல் ஹோர்யூஜியில் தொடங்கிய பெரும் பழுதுபார்ப்பு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1949 ஜனவரி 26 அன்று, பொன்மண்டபத்தில் தீப்பற்றி அதன் சுவரோவியங்கள் கருகின. நம் அஜந்தா ஓவியங்களோடு அறிஞர்கள் ஒப்பிட்டுப் பேசிய ஓவியங்கள் அவை. அந்த அதிர்ச்சியில்தான் 1950-ல் ஜப்பான் தன் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. நமக்குக் குடியரசு நாளாகிய ஜனவரி 26, அங்கே தீத்தடுப்புப் பயிற்சி நாளாக இன்றும் அனுசரிக்கப்படுகிறது.

இந்த மனிதர் வாழ்ந்த வாழ்க்கையையும் சொல்ல வேண்டும். கோயில் தச்சர்கள் சாதாரண வீடு கட்டக்கூடாது என்பது குடும்ப நெறி. லாபக் கணக்கு பார்க்கும் வேலைக்குப் போனால் கை கெட்டுவிடும் என்று பயந்தார்கள். கோயிலில் வேலை இல்லாத நாட்களில் நிலத்தில் பாடுபட்டு உண்ண வேண்டும். போருக்குப் பிந்தைய பஞ்சத்தில் நிஷியோகா நிலத்தை விற்றார், பானை மூடிகள் செய்து பிழைத்தார், காசநோயிலும் விழுந்தார். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த அவர் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை?

தொடர்ச்சி அறுந்துவிடும் என்ற நிலையில் வெளியாள் ஒருவர் வந்தார். ஓகாவா மிட்சுவோ, 1947-ல் பிறந்தவர். பள்ளிச் சுற்றுலாவில் ஹோர்யூஜி கோபுரத்தைப் பார்த்துவிட்டு, தச்சராக வேண்டும் என்று நிஷியோகாவைத் தேடி வந்தார். வேலை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். சில ஆண்டுகள் வேறிடங்களில் பழகி, விடாமல் கேட்டு, 1969-ல் சீடரானார். ஓராண்டுக்கு வானொலி, தொலைக்காட்சி, செய்தித்தாள் எதுவும் கூடாது, உளி தீட்டுவது மட்டும்தான் என்பது குருவின் கட்டளை. ஒரு நாள் குரு ஒரே ஒரு இழைப்புச் சுருளை எடுத்துக் காட்டி, இது மாதிரி வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சீடர் அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொண்டு, அதுபோல வரும்வரை தீட்டினார், இழைத்தார். பாடத்திட்டம் இவ்வளவே.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நம்மவர்களுக்கு ‘ஷெஃப்-துவ்ர்’ என்ற சொல் தெரியும். இன்று நல்ல ஓவியத்துக்கும் சினிமாவுக்கும் அதைச் சொல்கிறோம். உண்மையில் அது தொழிலாளி ஒருவன் தேர்ந்த கைவினைஞனாக ஏற்கப்படுவதற்குச் செய்துகாட்ட வேண்டிய படைப்பின் பெயர். பிரான்சிலும் ஊர் ஊராகச் சென்று வேலை கற்கும் ‘கொம்பாஞ்ஞோன்’ மரபு இன்னும் இருக்கிறது. 2019 ஏப்ரலில் பாரிஸ் நோத்ர்-தாம் பேராலயத்தின் கூரை எரிந்தபோது, கோடாரியால் ஓக் மரம் செதுக்கத் தெரிந்த தச்சர்கள் இருந்ததால்தான் பழைய முறையிலேயே மறுபடி கூரை போட முடிந்தது. 2024 டிசம்பரில் பேராலயம் திறந்தது. ஆள் இல்லாமல் போயிருந்தால் பணம் மட்டும் என்ன செய்திருக்கும்?

நிஷியோகாவின் பெரிய சோதனை அவருடைய முதுமையில் வந்தது. நாராவின் யாகுஷிஜி கோயிலில் பொன்மண்டபத்தையும், 1528-ல் எரிந்துபோன மேற்குக் கோபுரத்தையும் மறுபடி கட்ட அவரை அழைத்தார்கள். கோயில் தலைவர் தக்கதா கோயின் பெரிய கொடையாளிகளைத் தேடவில்லை. நம் நாட்டிலிருந்து சென்ற இருதய சூத்திரத்தைத் தம் கையால் பிரதி எடுத்து, ஆயிரம் யென் காணிக்கை வைக்கும்படி பொதுமக்களைக் கேட்டார். பத்து லட்சம் பிரதிகள் சேர்ந்தன.

பணம் வந்தது, சண்டையும் வந்தது. மரத்தோடு இரும்பும் கான்கிரீட்டும் சேர்க்க வேண்டும் என்றார்கள் அறிஞர்களும் அதிகாரிகளும். கான்கிரீட் நூறு ஆண்டு தாங்கலாம், ஹினோக்கி மரம் ஆயிரம் ஆண்டு நிற்கும், ஆயிரத்தை நூறோடு ஏன் கட்டிப்போடுகிறீர்கள் என்று வாதாடினார் நிஷியோகா. முழுதாக ஜெயிக்கவில்லை. 1976-ல் முடிந்த பொன்மண்டபத்தின் உட்பகுதியில், புத்தர் சிலைகளைத் தீயிலிருந்து காக்கக் கான்கிரீட் வைத்தார்கள். 1949 தீயை நினைத்தால் அதிகாரிகளின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. 1981-ல் மேற்குக் கோபுரம் முடிந்தது. பழைய கிழக்குக் கோபுரத்தைவிட அதைச் சற்று உயரமாகவே கட்டினார். காலப்போக்கில் மரம் அமுங்கி இரண்டும் சமமாகும் என்பது கணக்கு. அதைச் சரிபார்க்க நாம் யாரும் இருக்கப்போவதில்லை.

ஒரு உறுத்தல் மிச்சமிருக்கிறது. அந்தக் கட்டடங்களுக்கு வேண்டிய ஆயிரம் வயது ஹினோக்கி ஜப்பானில் கிடைக்கவில்லை. தைவான் மலைகளில் இருந்த அதே இன மரங்களை வெட்டிக் கொண்டுவந்தார்கள். ஆயிரம் ஆண்டு வளர்ந்த மரத்தைக் கட்டடத்தில் குறைந்தது ஆயிரம் ஆண்டாவது வாழவைக்க வேண்டும், அதுவே தச்சனின் கடன் என்று நிஷியோகா திரும்பத் திரும்பச் சொன்னதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அவசரமாகக் கட்டி முப்பது ஆண்டில் இடிப்பவர்களுக்கு மரத்தின் மேல் உரிமை இல்லை என்பதுதானே இதன் பொருள்?

ஓகாவா 1977-ல் ‘இக்கருகா-கோஷா’ என்ற பட்டறையைத் தொடங்கினார். இளைஞர்கள் குருவோடு ஒரே கூரையின் கீழ் தங்கி, சமைத்து, தீட்டி, தொழில் கற்கிறார்கள். 2020-ல் ஜப்பானின் மரக்கட்டடத் தொழில்நுட்பங்களை யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் நல்லதுதான். ஆனால் உளியைப் பட்டியல் தீட்டாது. தீட்டுக்கல்லின் முன்னால் ஒரு பையன் உட்கார வேண்டும், பக்கத்தில் வாய் பேசாமல் ஒரு பெரியவர் நிற்க வேண்டும், அவன் தேறும்வரை அவன் சாப்பாட்டுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். கோயில் நடத்துபவர்களும் வீடு கட்டுபவர்களும் இந்த மூன்றாவதை மறந்தால், முதல் இரண்டும் தாமாகவே மறைந்துவிடும்.