ஹைலண்ட் டவர்ஸ்: வீழாத வீடுகளின் கதை

கோலாலம்பூரை அண்மித்த உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் என்னும் 12 மாடிக் குடியிருப்புகள் மூன்று இருந்தன. 1993 டிசம்பர் 11 அன்று பின்புற மலைச்சரிவு இடிந்து முதலாவது கட்டடம் வீழ்ந்தது. 48 பேர் மாண்டனர். இது உலகறிந்த செய்தி. எஞ்சிய இரு கட்டடங்களின் உரிமையாளர்கள் பட்ட அவலம் அந்தளவுக்குப் பேசப்படவில்லை.

அவர்களது வீடுகள் வீழவில்லை. ஆயினும் அவற்றில் குடியிருக்க முடியவில்லை, விற்கவும் வழியில்லை. நீதிமன்றத்தை நாடினர். தீர்ப்புக் கிடைத்தது 2000 ஆகஸ்டில்தான். வடிகால்களினதும் தாங்குசுவர்களினதும் குறைபாடுகளை ஆராய்ந்த மேல் நீதிமன்றம், பொறுப்பைப் பங்கிட்டது: கட்டட நிறுவனம் 15 சதவீதம், வரைபடம் தயாரித்தவர் 10, பொறியியலாளர் 10, உள்ளூராட்சி மன்றம் 15, பின்புறக் காணிக்கு உரித்துடைய நிதி நிறுவனம் 30, மேட்டுக் காணியை அபிவிருத்தி செய்த தரப்பு 20.

நிதி நிறுவனம் 2004இல் 139 உரிமையாளர்களுக்கு 5 கோடியே 20 இலட்சம் ரிங்கிட் வழங்க இணங்கியது. உள்ளூராட்சி மன்றமோ மேன்முறையீட்டில் இறுதிவரை சென்றது. 2006 பெப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அதனை முற்றாக விடுவித்தது. வீதி, வடிகால், கட்டடச் சட்டம் அதற்குக் கவசமாயிற்று.

வீடு வாங்குவோர் அரச அங்கீகாரத்தை நம்பியே பணம் செலுத்துகின்றனர். அங்கீகரிக்கும் அதிகாரம் மன்றத்துக்கு உண்டு; அது தவறினால் நட்டஈடு வழங்கும் கடப்பாடு இல்லை. ஆண்டுக்கணக்கில் வழக்காடிய மக்கள் கற்ற கசப்பான பாடம் அதுவே.