வளைவும் பின் சில்லும்

வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே, தேயிலை மலைகளின் நடுவே அமைந்த ஊர் றொசல்ல. அப்பகுதியில் இரு பாதைகள் மலையேறுகின்றன. ஒன்று, 1885 ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டிய புகையிரதப் பாதை. மற்றது, அவிசாவளையிலிருந்து ஹற்றன் வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் பெருவீதி. இரண்டும் நேராகச் செல்லும் தூரம் குறைவு. வளைந்து செல்லும் தூரமே அதிகம். வளைவிலே வண்டியின் முன்பகுதி சாரதியின் கண்ணுக்கும் கைக்கும் அடங்கியது. பின்பகுதியோ இழுத்த இழுப்புக்கு வருவது. அப்பின்பகுதிக்கும் வழிகாட்ட மனிதன் செய்த முயற்சி ஒரு நெடிய வரலாறு.

கோப்பிக் காலத்தில் மலைநாட்டுச் சரக்கைச் சுமந்தது மாட்டு வண்டி. அதற்கு ஓர் அச்சு, இரு சில்லுகள். மாடு திரும்பினால் வண்டியும் திரும்பும். பின் சில்லு என்ற தொல்லையே அதற்கில்லை. நான்கு சில்லு வண்டியோடுதான் சிக்கல் பிறந்தது. திரும்பும்போது உட்புறச் சில்லு சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சில்லு பெரிய வட்டத்திலும் உருள வேண்டும். இதனை உணர்ந்த மியூனிக் நகர வண்டித் தொழிலாளர் லங்கென்ஸ்பெர்கர், முன் சில்லுகள் இரண்டும் வெவ்வேறு கோணத்தில் திரும்பும் அமைப்பை 1817 இல் கண்டார். அடுத்த ஆண்டு அவருக்காக லண்டனில் உரிமம் பெற்ற அக்கர்மன் என்பாரின் பெயரே அதற்கு நிலைத்தது. இன்றைய மோட்டார் வாகனங்களின் ஸ்ரியறிங் அமைப்புக்கு அடிப்படை அதுவே.

ஆயினும் அது முன் சில்லுகளுக்கே வழி சொன்னது. பின் சில்லுகள் எப்போதும் உட்புறமாகக் குறுக்குவழி பிடிக்கும். அச்சுகளுக்கு இடையே 5 மீற்றர் நீளமுள்ள ஒரு பஸ் வண்டியின் முன் அச்சு, 12 மீற்றர் ஆரமுள்ள வளைவில் செல்வதாகக் கொள்வோம். கணக்கிட்டுப் பார்த்தால், அதன் பின் அச்சு ஏறக்குறைய 1 மீற்றர் உட்புறமாகச் செல்லும். அகன்ற நகர வீதியில் அந்த 1 மீற்றர் பெரிதன்று. ஒருபுறம் மலையும் மறுபுறம் பள்ளமுமான வீதியில் அதுவே உயிர்ப் பிரச்சினை. இடப்புற வளைவில், ஓரமாக நடந்து செல்லும் கொழுந்து பறிப்போரையும் பள்ளிப் பிள்ளைகளையும் பின் சில்லு நெருங்குகின்றது. வலப்புற வளைவில், எதிரே வரும் வாகனத்தின் பாதையில் அது புகுகின்றது.

புகையிரதத்துக்கும் இச்சிக்கல் உண்டு. மலைநாட்டுப் பாதையின் வளைவுகள் சில 5 செயின், அதாவது சுமார் 100 மீற்றர் ஆரமே உடையவை; ஏற்றமோ 44 அடிக்கு ஓர் அடி. நீண்ட, வலிமை மிக்க இயந்திரம் வேண்டும். அது வளையவும் வேண்டும். இதற்கு விடையாக வந்தது கரட் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் வகுத்த நீராவி இயந்திரம். கொதிகலனை நடுவே தாங்கி, முன்னும் பின்னும் உள்ள இரு இயந்திரப் பகுதிகள் தனித்தனியே திரும்பும். இலங்கைக்கு அவ்வகையில் முதலாவது 1927 இல் வந்தது. 1945 இல் மேலும் எட்டு வந்தன. முன்னும் பின்னும் வளைவுக்கு இசைந்து திரும்பினால் நீளம் குற்றமாகாது என்பதே அது காட்டிய உண்மை.

வீதி வாகனத்திலும் இதே எண்ணம் தோன்றியது. 1913 இல் அமெரிக்காவின் ஜெப்ரி நிறுவனம் உருவாக்கிய 'குவாட்' லொறியில் நான்கு சில்லுகளும் திரும்பின. முன் சில்லுகள் வலம் திரும்ப, பின் சில்லுகள் அதே அளவு இடம் திரும்பினால், பின் அச்சு முன் அச்சின் தடத்தையே பற்றிச் செல்லும். மெதுவாகச் செல்லும் வண்டிக்கு இது மிக நன்று. விரைந்து செல்லும் வண்டிக்கோ ஆபத்து; அளவுக்கு மீறித் திரும்பிச் சுழன்றுவிடும். வேகத்தில் பின் சில்லுகளும் முன் சில்லுகளின் திசையிலேயே சிறிது திரும்புவதுதான் உறுதி தரும். ஒரே பின் சில்லு, இரு வேறு கடமைகள். எப்போது எது என்று தீர்மானிப்பது யார்?

இவ்வினாவுக்கு ஜப்பானியர் விடை கண்டனர். நிசான் நிறுவனம் 1985 இல் வேக ஓட்டத்துக்கு உறுதி தரும் பின் சில்லு அமைப்பைக் கொணர்ந்தது. 1987 இல் ஹொண்டா, சாரதி சுக்கானைத் திருப்பும் அளவைக் கொண்டே தீர்மானிக்கும் பொறியைச் செய்தது: சிறிது திருப்பினால் ஒரே திசை, முழுதும் திருப்பினால் எதிர்த்திசை. அதே ஆண்டில் மஸ்டா, வேகத்தை அளவாகக் கொண்டது. மணிக்கு 35 கிலோமீற்றருக்குக் கீழே எதிர்த்திசை, அதற்கு மேலே ஒரே திசை. விலை மிகுதியால் இவை சில காலம் மங்கின. பின்னர் மின்னணுக் கருவிகள் மலிந்தபோது மீண்டும் தோன்றின. இன்று உணர்கருவிகள் சுக்கானின் கோணத்தையும், வேகத்தையும், வண்டி சுழலும் அளவையும் இடையறாது அளக்கின்றன. சாரதி விரும்பிய வழியும் வண்டி செல்லும் வழியும் வேறுபட்டால், கணிப்பொறி பின் சில்லைத் திருப்பித் திருத்துகின்றது.

எனினும், இத்துணை பெரும்பாலும் விலையுயர்ந்த மோட்டார் கார்களுக்கே கிட்டியுள்ளது. நீண்ட வண்டியும் குறுகிய வளைவும் சந்திக்கும் தோட்டத்து வீதிகளில் ஓடும் பஸ்களும் லொறிகளும் பெரும்பாலும் முன் சில்லுகளாலேயே திரும்புகின்றன. அங்கே பின் சில்லுக்கு வழிகாட்டுவது, கண்ணாடியில் பின்னோக்கும் சாரதியின் கண்ணும், வாசற்படியில் நின்று குரல் கொடுக்கும் நடத்துனரின் வாயுமே. அதிக உதவி தேவைப்படும் இடத்துக்கே அது கடைசியாக வந்து சேர்வது பொறியின் குற்றமன்று. அது வரும் வரையில், வளைவின் உட்புறத்தில் நடப்போருக்கென ஒரு மீற்றர் இடம் ஒதுக்கி வீதியை அகலமாக்குவது, எந்தக் கணிப்பொறியும் இன்றியே செய்யக்கூடிய காரியம்.