பாப்பாஞ்ஞியும் கொச்சியின் கிறிஸ்துமஸ் நெருப்புகளும்

டிசம்பர் பிறந்தால் போதும், "உங்க ஊர்ல கிறிஸ்துமஸ் எல்லாம் உண்டா?" என்று ஆபீஸில் யாராவது ஒருத்தர் வருஷம் தவறாமல் கேட்டுவிடுவார். கொல்லத்தில் கிறிஸ்தவர்களுக்குக் கொடுத்த தரிசாப்பள்ளிச் செப்பேடு 849-ஆம் வருஷத்தது ஐயா, டென்மார்க் ராஜா ஞானஸ்நானம் வாங்கவே அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு என்று சொன்னால் பேந்தப் பேந்த முழிப்பார்கள் :-) கொச்சியில் நாலு வருஷம் குப்பை கொட்டியவன் என்ற தைரியத்தில் அந்த ஊர் கிறிஸ்துமஸ் கதையைக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மரம், கேக், சாண்டா எல்லாம் வருவதற்கு முன்னால் கேரளத்துப் பழைய கிறிஸ்தவர்களுக்கு இந்தப் பண்டிகை நோன்பு சம்பந்தப்பட்டது. டிசம்பர் 1 முதல் 24 வரை கறி மீனை ஒதுக்கிவைக்கும் 'இருபத்தஞ்சு நோன்பு' இன்னும் நிறைய வீடுகளில் உண்டு. யாக்கோபாய, ஆர்த்தடாக்ஸ் பள்ளிகளில் (அங்கே சர்ச்சைப் பள்ளி என்றுதான் சொல்வார்கள்) முற்றத்தில் சிலுவை வடிவில் குழி தோண்டி நெருப்பு மூட்டுவார்கள். குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலைகளைப் பத்திரமாக வைத்திருந்து அதில் போடுவார்கள். ஜனங்கள் சுற்றி வந்து குந்திரிக்கம் போடுவார்கள். பெத்லகேம் மேய்ப்பர்கள் குளிர் காய்ந்த நெருப்பு என்பது விளக்கம். இது சிரியாப் பக்கத்து மரபு. ஐரோப்பாக்காரனுக்கு இதில் பங்கே இல்லை.

ஐரோப்பாக்காரன் வந்ததும் டிசம்பரில்தான். கோழிக்கோட்டில் அடிதடி, கொலை எல்லாம் முடித்துக்கொண்டு கப்ரால் கொச்சிக்கு வந்து சேர்ந்தது 1500 டிசம்பர் 24. கொச்சி ராஜாவுக்கு சாமூதிரி மேல் கடுப்பு, போர்த்துகீசியனுக்கு மிளகு வேண்டும். ஒப்பந்தம் சுலபமாகப் படிந்துவிட்டது. 1503-ல் கோட்டையும் எழும்பியது. 1497 கிறிஸ்துமஸ் அன்று ஆப்பிரிக்கக் கரையைத் தாண்டும்போது அதற்கு 'நட்டால்' (போர்த்துகீசில் கிறிஸ்துமஸ்) என்று பெயர் வைத்த வாஸ்கோ ட காமா, வைஸ்ராயாகத் திரும்பி வந்து கொச்சியில் செத்ததும் 1524 டிசம்பர் 24 அன்றுதான். புதைத்தது செயின்ட் பிரான்சிஸ் சர்ச்சில். அப்புறம் எலும்புகளை லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கல்லறை இருந்த இடம் மட்டும் இருக்கிறது.

நமக்கும் கொச்சிக்கும் சம்பந்தம் அப்போதே உண்டு. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530-களில் கொச்சிக்கு ஆள் அனுப்பிப் போர்த்துகீசியர் பாதுகாப்பைக் கேட்டுத்தான் மதம் மாறினார்கள். தூத்துக்குடி கிறிஸ்துமஸுக்குக் கொச்சி ஒரு விதத்தில் தாய்வீடு.

வந்தவர்களுக்கு ஏற்கெனவே இருந்த கிறிஸ்தவர்களைக் கண்டால் ஆகவில்லை. சிரியாக் மொழியில் பூசை, கல்யாணம் செய்துகொண்ட பாதிரியார்கள்... இதெல்லாம் என்ன மதம்? 1599 ஜூனில் கோவா ஆர்ச்பிஷப் மெனசிஸ் உதயம்பேரூரில் ஒரு மாநாட்டைக் கூட்டி, சிரியாக் புத்தகங்களைத் திருத்து, இல்லாவிட்டால் எரி என்று உத்தரவு போட்டார். எரித்தார்கள். அந்தப் பழைய சபை அதுவரை பண்டிகைகளை எப்படிக் கொண்டாடியது என்று முழுசாகத் தெரிந்துகொள்ள முடியாமல் போனதற்கு இந்த நெருப்பு ஒரு பெரிய காரணம். எனக்கு இது ஆறவே இல்லை. அவர்களுக்கும் ஆறவில்லை. 1653 ஜனவரி 3-ஆம் தேதி மட்டாஞ்சேரியில் சிலுவையில் கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு, இனி இந்தப் பாதிரிகளுக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். கூனன் குரிசு சத்தியம் என்று பெயர்.

பத்தே வருஷத்தில், 1663-ல், டச்சுக்காரன் கோட்டையைப் பிடித்தான். கத்தோலிக்கக் கோயில்கள் பலவற்றை இடித்தான், சாந்தா க்ரூஸ் பேராலயத்தை ஆயுதக் கிடங்காக்கினான். 1795-ல் வந்த வெள்ளைக்காரன் அதையும் இடித்தான். இப்போது நிற்பது 1905-ல் அர்ச்சிக்கப்பட்டது. டச்சுக்காரன் சிப்பாய்களின் துணி வெளுக்க நம்ம ஊர் வண்ணார்களைக் கூட்டிவந்தான். ஃபோர்ட் கொச்சி வெளியில் உள்ள தோபிக்கானாவில் இன்றைக்கும் தமிழ் கேட்கும். டச்சுக்காரன் விட்டுப்போன இன்னொன்று ப்ரூடர் என்ற இனிப்பு ரொட்டி. இலங்கையில் பறங்கியர் வீடுகளில் அது இல்லாமல் கிறிஸ்துமஸ் கிடையாது. கேக்? அது ரொம்பப் பின்னால், 1883-ல் தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர் சுட்டது என்பார்கள்.

இப்போது பாப்பாஞ்ஞிக்கு வருவோம். டிசம்பர் 31 ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஃபோர்ட் கொச்சி பரேட் மைதானத்தில், காமாவைப் புதைத்த சர்ச்சிலிருந்து கூப்பிடு தூரத்தில், கோட்டு சூட்டு தொப்பி போட்ட ராட்சசக் கிழவன் பொம்மையைக் கொளுத்துவார்கள். வெளியூர்க்காரர்கள் சாண்டாவைக் கொளுத்துகிறார்கள் என்று பதறுவார்கள். சாண்டா இல்லை, போகிற வருஷம்! நம்ம போகி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். வெள்ளைக்காரனைக் கொளுத்துகிறோம் என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நான் நம்பவில்லை. கோவாவில் இதே ராத்திரி 'ஓல்ட் மேன்' எரிகிறான், பம்பாய் பாந்த்ராவிலும் எரிகிறான். ஸ்பானிஷ்காரன் ஆண்ட ஈக்வடாரில் 'பழைய வருஷம்' என்றே பெயர் வைத்து எரிக்கிறார்கள். ஆக, கொளுத்தும் வழக்கமே அந்தக் கோட்டுக்காரனுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் ஐந்நூறு வருஷப் பாரம்பரியம் என்று டூரிஸ்ட் கைடு சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். பெரிய பொம்மை, ஊர்வலம் எல்லாம் சேர்ந்த கொச்சின் கார்னிவல், உள்ளூர்ப் பையன்கள் 1984-ல் ஆரம்பித்தது. அந்தப் பையன்களின் வாரிசுகளில் எல்லா மதத்துக்காரனும் இருக்கிறான். பொம்மை செய்ய வைக்கோலும் சாக்கும் சுமக்கிறவனிடம் யாரும் ஞானஸ்நான சர்ட்டிபிகேட் கேட்பதில்லை.

இப்போது வேறு தொல்லைகள். 2022-ல் பொம்மையின் முகம் பிரதமர் சாயலில் இருக்கிறது என்று பி.ஜே.பி.காரர்கள் தகராறு செய்ய, முகத்தை மாற்றினார்கள். 2024-ல் வெளி மைதானத்தில் வைத்த இன்னொரு பாப்பாஞ்ஞியைப் பாதுகாப்பு இல்லை என்று போலீஸ் எடுக்கச் சொல்ல, விவகாரம் ஹைகோர்ட் வரை போய், சுற்றி வேலி கட்டிவிட்டுக் கொளுத்திக்கொள்ளுங்கள் என்று தீர்ப்பு வாங்கி வந்தார்கள். போர்த்துகீசியன் விட்டுப்போன கலப்பு மொழியைப் பேசிய கடைசி மனிதர் வில்லியம் ரொசாரியோ, கடலுக்கு அந்தக் கரையில் வைப்பினில் 2010-ல் இறந்தபோது, அந்த மொழிக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. பாப்பாஞ்ஞிக்குப் போகிறார்கள்.