எண்ணப்படாத மரணங்கள்: 1943 வங்கப் பஞ்சமும் ஆள்வோரின் கணக்கும்

மக்கள் பசியால் மடியும்போது ஆள்வோரை நோக்கி எழும் முதற்கேள்வி, எத்தனை பேர் இறந்தனர் என்பதே. 1943ஆம் ஆண்டு வங்காளத்தில் அக்கேள்விக்கு நேரான விடை கிடைக்கவில்லை. அன்றைய இந்தியாவில் முஸ்லிம்கள் மிகுதியாக வாழ்ந்த மாகாணம் வங்காளம். அவ்வாண்டு ஏப்ரல் முதல் மாகாண அமைச்சரவையும் முஸ்லிம் லீக்கின் தலைமையில் இருந்தது. ஆகவே இந்த வரலாற்றைப் பிறர் கதையாகப் படித்துவிட்டு நாம் நகர்ந்துவிட இயலாது.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. எதிரியின் கைக்கு எதுவும் சிக்கக் கூடாது என்று கடலோர மாவட்டங்களில் நெல்லையும் படகுகளையும் அரசே அப்புறப்படுத்தியது. அக்டோபரில் மிதுனப்பூர்ப் பகுதியைப் பெரும்புயல் தாக்கியது. அவ்வாண்டு டிசம்பரில் மணங்கு 13, 14 ரூபாய்க்கு விற்ற அரிசி, அடுத்த மே மாதத்தில் 30 ரூபாயைத் தாண்டியது. கல்கத்தாவின் ஆலைத் தொழிலாளர்களுக்குச் சலுகை விலையில் அரிசி கிடைத்தது. நிலமற்ற கூலிகளுக்கும் மீனவர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் அந்த வழி இல்லை.

கவாஜா நாஜிமுத்தீன் முதலமைச்சராகவும் ஹுசைன் ஷஹீத் சுஹ்ரவர்தி குடிமைப்பொருள் அமைச்சராகவும் இருந்தனர். மாகாணத்தில் போதிய அரிசி இருக்கிறது, பதுக்கலே விலையேற்றத்துக்குக் காரணம் என்று அரசு தொடர்ந்து அறிவித்தது. பீதியைத் தணித்தால் பதுக்கல் வெளிவரும் என்பது அவர்கள் கூறிய நியாயம். ஜூன் மாதம் கிராமந்தோறும் களஞ்சியங்கள் சோதிக்கப்பட்டன. பெருவணிகர்களின் கிடங்குகள் நிறைந்த கல்கத்தாவும் ஹவுராவும் அச்சோதனையிலிருந்து விலக்கப்பட்டிருந்தன. கிராமங்களிலோ, அறிவிக்கப்பட்ட அளவுக்குப் பதுக்கல் எதுவும் அகப்படவில்லை.

‘பஞ்சம்’ என்ற சொல்லே அரசின் நாவிலிருந்து மறைந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. பஞ்சம் என்று முறைப்படி அறிவித்தால், பஞ்ச நிவாரணச் சட்டத்தொகுப்பின்படி ஒவ்வொருவருக்கும் வரையறுத்த அளவில் உணவளிக்கும் கடமை அரசின் மேல் விழும். அந்த அளவுக்குக் கொடுக்க எங்களிடம் உணவில்லை என்று பொறுப்பு ஆளுநர் ரூதர்போர்டு வைஸ்ராய்க்கு எழுதினார். பொதுமக்களிடம் சொல்லாத உண்மை அரசாங்கக் கடிதத்தில் இருந்தது.

ஆகஸ்ட் 22 அன்று ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ், கல்கத்தா வீதிகளில் செத்துக்கொண்டிருந்தோரின் புகைப்படங்களை வெளியிட்டது. ஜைனுல் ஆபிதீன் என்ற இளம் ஓவியர், மலிவான பொட்டலத் தாளில் கறுப்பு மையால் அதே காட்சிகளை வரைந்தார். இவற்றுக்குப் பின்னும் அக்டோபரில் லண்டன் நாடாளுமன்றத்தில் பேசிய இந்திய விவகார அமைச்சர் ஏமரி, வாரத்துக்குச் சுமார் 1,000 பேர் இறப்பதாகவும், தொகை கூடுதலாக இருக்கலாம் என்றும் கூறினார். கையெட்டும் தூரத்தில் இருக்கும் தகவலைக்கூட அமைச்சர் அறியவில்லையே என்று அதே நாளிதழ் தலையங்கத்தில் கண்டித்தது.

கணக்கு எப்படிக் குறைந்தது? கிராமத்தில் இறப்பைப் பதிய வேண்டியவர் சௌக்கிதார் எனும் காவலர். அவரே பசியால் இறந்தார், அல்லது ஊரைவிட்டுப் போனார். பசியால் நலிந்தோர் காய்ச்சலிலும் காலராவிலும் மாண்டபோது நோயின் பெயரே பதிவாயிற்று. ஊர்விட்டு ஊர் சென்று வழியோரத்தில் விழுந்தவர் எந்த ஊர்க் கணக்கிலும் சேரவில்லை.

பின்னர் அமைந்த உட்ஹெட் விசாரணைக் குழு, 1943இல் பதிவான இறப்புகள் வழக்கமான சராசரியைவிடச் சுமார் 6,90,000 கூடுதல் என்று கண்டது. விடுபட்டவற்றையும் அடுத்த அரையாண்டையும் சேர்த்து 15 லட்சம் என்று 1945இல் மதிப்பிட்டது. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநராயிருந்த அய்க்ராய்டு அக்குழுவின் உறுப்பினர். அந்த மதிப்பீடு குறைவானது, வழியோர மரணங்களை நாங்கள் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை என்று பல ஆண்டுகளுக்குப் பின் அவரே எழுதினார். அமர்த்தியா சென் போன்றோரின் ஆய்வுகள் 30 லட்சத்தை நெருங்குகின்றன.

கேள்வி எழுந்த இடமெல்லாம் அது வேறு பக்கம் திருப்பப்பட்டது. உணவு மாகாணத்தின் பொறுப்பு என்றது லண்டன். பதுக்கல்காரர்களையும் முந்தைய அமைச்சரவையையும் சுட்டியது மாகாணம். எதிர்க்கட்சியினர் லீக்கைச் சாடினர்; லீக்கர்கள் அதைச் சமுதாயத்தின் மீதான தாக்குதல் என்று கருதினர். இந்த வழக்காடலின் நடுவே மாண்டவர்களில் முஸ்லிம் உழவரும் இருந்தனர், இந்து மீனவரும் இருந்தனர்.

ஹிஜ்ரி 18இல் மதீனாவைச் சூழ்ந்த ‘ரமாதா’ பஞ்சத்தை இங்கே நினைவுகூர்தல் தகும். கலீஃபா உமர் (ரலி) பிற பகுதிகளின் ஆளுநர்களுக்கு எழுதித் தானியம் வரவழைத்தார்கள். மக்கள் மீளும்வரை நெய்யைத் தாமும் தவிர்த்தார்கள். இரவுணவுக்கு வருவோரை எண்ணச் சொன்னார்கள்: 7,000 பேர். வர இயலாத நோயாளிகளையும் குடும்பத்தினரையும் எண்ணச் சொன்னார்கள்: 40,000 பேர். இப்னு சஅத் இதைப் பதிவு செய்துள்ளார். கண்முன் வந்தவர்களோடு கணக்கை முடித்திருந்தால் அந்த 40,000 பேரும் எண்ணிக்கைக்கு வெளியே நின்றிருப்பார்கள். யார் பட்டினி கிடக்கிறார்கள் என்று அறியவே அங்கே எண்ணினார்கள். ஆகவே எண்ணிக்கை பெருகுவதை அந்த ஆட்சி அஞ்சவில்லை.

நமக்கும் நம் பெற்றோருக்கும் எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் பணிக்கிறது. ஏகாதிபத்தியத்தின் பெரும்பழியைச் சொல்லும் நாம், நம்மவர் அமைச்சரவை சொன்ன பொய்த் தெம்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மற்றொன்றுக்குச் சாக்காக்கலாகாது. மஹல்லாவின் கூட்டத்தில் ஒருவர் கணக்கைக் கேட்கும்போது, கேட்டவரின் நோக்கத்தை ஆராயும் முன் கணக்கை எடுத்து வைப்பதும் இந்தச் சாட்சியத்தின் ஒரு பகுதியே. வங்காளத்தின் வழியோரங்களில் பெயரின்றிப் போனவர்களின் எண்ணிக்கையை அல்லாஹ் அறிவான். அறிய வேண்டிய கடமை ஆள்வோருக்கும் இருந்தது.