சுற்றளவும் பரப்பளவும்

மூடிய தள உருவம் ஒன்றின் எல்லைக்கோட்டின் மொத்த நீளம் சுற்றளவு. அந்த எல்லைக்குள் அடங்கும் இடத்தின் அளவு பரப்பளவு. முன்னதை மீட்டர், அடி போன்ற நீள அலகுகளில் சொல்கிறோம். பின்னதைச் சதுர மீட்டர், சதுர அடி போன்ற சதுர அலகுகளில். வயலைச் சுற்றி வேலி போட எவ்வளவு கம்பி வேண்டும் என்பது சுற்றளவுக் கணக்கு. அதே வயலுக்கு எத்தனை கட்டு நாற்று என்பது பரப்பளவுக் கணக்கு. பள்ளிப் பாடத்தில் சதுரம், செவ்வகம், முக்கோணம் முதலில் வரும். இணைகரம், சாய்சதுரம், சரிவகம், வட்டம் அடுத்த வகுப்புகளில்.

சுற்றளவு கூட்டலோடு முடிந்துவிடும். பரப்பளவுக்கு ஓர் அலகுச் சதுரம் தேவை. கட்டத்தாளில் உருவத்தை வரைந்து உள்ளே இருக்கும் கட்டங்களை எண்ணுவதே முதல் படி. இலை போன்ற ஒழுங்கற்ற உருவமானால், பாதிக்கு மேல் உள்ளே இருக்கும் கட்டத்தை ஒன்றாகக் கொண்டு, பாதிக்கும் குறைவானதை விட்டுவிடுவார்கள். செவ்வகத்தில் எல்லாக் கட்டங்களையும் எண்ண வேண்டியதில்லை. ஒரு வரிசைக்கு 6 கட்டம், அப்படி 4 வரிசை என்றால் 24. நீளம் × அகலம் என்ற சூத்திரம் இந்தப் பெருக்கலின் சுருக்கமே. எண்ணிப் பார்க்காமல் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்த மாணவருக்கு, எங்கே கூட்டுவது, எங்கே பெருக்குவது என்ற தடுமாற்றம் வருவது இயல்பு.

அதைவிட ஆழமான குழப்பம், ஒன்று கூடினால் மற்றதும் கூடும் என்ற எண்ணம். இது குழந்தைகளுக்கு மட்டும் உரியதல்ல. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ், நகரத்தின் பரப்பை அதன் மதில் நீளத்தைக் கொண்டு மதிப்பிடுவோரைக் குறைகூறினார். ஸ்பார்ட்டாவின் சுற்று 48 ஸ்டேடியம் (பண்டைய கிரேக்க நீள அலகு), மெகலோபோலிஸின் சுற்று 50; ஆனால் ஸ்பார்ட்டாவே இருமடங்கு பெரியது என்றார். 1999இல் வெளிவந்த நூலொன்றில் கணிதக் கல்வி ஆய்வாளர் லிப்பிங் மா, அமெரிக்க, சீனத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் இதையே வைத்துப் பார்த்தார். பக்கம் 4 உள்ள சதுரத்தையும் 8 × 4 செவ்வகத்தையும் காட்டி, சுற்றளவு கூடினால் பரப்பளவும் கூடும் என்று ஒரு மாணவி சொன்னால் என்ன செய்வீர்கள் என்பது கேள்வி. அது சரிதான் என்று ஏற்றுக்கொண்ட ஆசிரியர்களும் இருந்தார்கள்.

36 மீட்டர் கயிற்றை வைத்தே இந்த எண்ணத்தை உடைக்கலாம். 17 × 1 செவ்வகமாக வளைத்தால் உள்ளே 17 சதுர மீட்டர். 12 × 6 ஆனால் 72. 9 × 9 சதுரமானால் 81. எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. 10 × 8 அட்டையின் மூலையில் 3 × 2 துண்டை வெட்டி எடுத்தால் பரப்பளவு 80இலிருந்து 74ஆகக் குறையும். சுற்றளவோ 36ஆகவே இருக்கும். வெட்டிய இரு விளிம்புகளுக்கு ஈடாக அதே நீளத்தில் இரண்டு புது விளிம்புகள் வந்துவிடுகின்றன. வகுப்பறையில் இதைக் கத்தரிக்கோலோடு செய்துகாட்டுவதற்கு இணையான விளக்கம் வேறில்லை.

மற்ற உருவங்களின் சூத்திரங்களும் வெட்டி ஒட்டுவதில்தான் பிறக்கின்றன. இணைகரத்தின் ஒரு முனையிலுள்ள முக்கோணத்தை வெட்டி மறுமுனையில் வைத்தால் செவ்வகம். ஆகவே அடிப்பக்கம் × உயரம். சாய்பக்கத்தை உயரமாக எடுத்துக்கொள்வது இங்கே வழக்கமான பிழை. நான்கு குச்சிகளை ஆணியடித்துச் செவ்வகமாக்கி ஒரு பக்கமாகச் சாய்த்தால், பக்கங்கள் மாறாமலே பரப்பளவு சுருங்குவது கண்ணுக்குத் தெரியும். இணைகரத்தில் பாதி முக்கோணம். வட்டத்தைப் பல ஆரத்துண்டுகளாக வெட்டி மேலும் கீழுமாக அடுக்கினால், சுற்றளவில் பாதி நீளமும் ஆரம் அளவு அகலமும் கொண்ட செவ்வகத்தை அது நெருங்கும். காரிநாயனாரின் பழந்தமிழ்க் கணித நூலான கணக்கதிகாரம் தரும் விதியும் இதுவே: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்க வேண்டும். விட்டம் 14 என்றால், 22/7 கணக்கில் சுற்றளவு 44. 22ஐ 7ஆல் பெருக்கப் பரப்பளவு 154.

அலகு மாற்றத்தில் தவறுவோர் மிகுதி. 1 மீட்டர் 100 சென்டிமீட்டர் என்பதால் 1 சதுர மீட்டர் 100 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடாது, அது 10,000. பக்கங்களை இரட்டித்தால் சுற்றளவு இரண்டு மடங்காகும், பரப்பளவு நான்கு மடங்காகும் என்பதும் இதே காரணத்தால்தான். தமிழ்நாட்டில் நிலம் பேசும்போது இன்னும் சில அலகுகள் சேர்ந்துகொள்ளும்: ஒரு சென்ட் 435.6 சதுர அடி, 100 சென்ட் ஓர் ஏக்கர், ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. பட்டாவில் வரும் ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட். 60 × 40 அடியில் அமைந்த ஒரு கிரவுண்ட் மனைக்குச் சுற்றுச்சுவர் 200 அடி. அதே ஒரு கிரவுண்ட் 120 × 20 ஆக நீண்டு கிடந்தால் 280 அடிக்குச் சுவர் எழுப்ப வேண்டும்.