வாழைப்பழத் துண்டின் வரலாறு

இந்த நூற்றாண்டு மலருக்கான வேலைகளைத் தொடங்கியபோது, உலகெங்கும் பரந்து வாழும் எமது பழைய மாணவிகளிடம் ஒரு கேள்வியை அனுப்பியிருந்தோம். கல்லூரி நாட்களில் மறக்க முடியாதது எது என்பதே அக்கேள்வி. காலைப் பிரார்த்தனை, இல்ல விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, விடுதி வாழ்க்கை என்றெல்லாம் பதில்கள் வரும் என எதிர்பார்த்தோம். அவையும் வந்தன. ஆனால் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த கடிதங்களில் ஒரு வேண்டுகோள் திரும்பத் திரும்ப இருந்தது: "மனைப்பொருளியல் அறையில் செய்வோமே, மேலே சீனிப் பூச்சுப் பூசிய வாழைப்பழத் துண்டு, அதன் செய்முறையை மலரில் போடுங்கள்."

எளிதான வேலை என்றே நினைத்தோம். ஆனால் மூன்று தலைமுறைகளிடமிருந்து மூன்று செய்முறைகள் வந்து சேர்ந்தன. ஒன்றில் பட்டரும் முட்டையும் உண்டு. மற்றொன்றில் மாஜரீனும் ஒரேயொரு முட்டையும். மூன்றாவதில் பட்டரும் இல்லை, முட்டையும் இல்லை, சீனியும் இல்லை. ஒவ்வொருவரும் தமதே "உண்மையான" செய்முறை என்று எழுதியிருந்தனர். எதை அச்சிடுவது என்று தீர்மானிப்பதற்காக அதன் வரலாற்றைத் தேடத் தொடங்கினோம். அத்தேடலில் கிடைத்தவற்றையே இங்கு தொகுத்துத் தருகின்றோம்.

கேக் எமக்கு அந்நியமானது, வாழைப்பழம் எமது சொந்தம் என்று சொல்லிவிடலாம். ஆனால் எமது வீட்டு மொழியே வேறு கதை சொல்கிறது. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொற்களே பாணும் போறணையும். மேசை, அலுமாரி, சப்பாத்து என்பனவும் அவ்வழியே வந்தவைதாம். ஆகவே எமது கல்லூரி தோன்றுவதற்கு முன்னரே, 1824 இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கப்படுவதற்கும் முன்னரே, போறணை இம்மண்ணில் அறியப்பட்டிருந்தது.

மறுபுறம், பழுத்த வாழைப்பழத்தை மாவோடு பிசைவது எமது பாட்டிமாருக்குப் புதிதல்ல. வாய்ப்பன் சுடாத வீடு யாழ்ப்பாணத்தில் ஏது? கனிந்த பழத்தை நன்றாகப் பிசைந்து, கோதுமை மாவும் சீனியும் சேர்த்து, உருண்டையாக எண்ணெயில் இட்டுப் பொரித்தால் வாய்ப்பன். அதே பழத்தையும் அதே மாவையும் தட்டில் பரப்பிப் போறணையில் வைத்தால் எமது வாழைப்பழத் துண்டு. கொதிக்கும் எண்ணெயிலிருந்து போறணைக்கு அது இடம் மாறியதே மனைப்பொருளியல் அறை செய்த புதுமை.

அந்த இடமாற்றத்துக்கு ஒரு காலம் உண்டு. 1929 இல் கொழும்பில் ஹில்டா டொய்ட்ரம் தொகுத்த சிலோன் டெய்லி நியூஸ் சமையற் புத்தகம் வெளிவந்தது. ஆங்கிலம் கற்ற இலங்கைக் குடும்பங்களின் குசினிகளில் அது பல பதிப்புகளாக நிலைத்து நின்றது. அமெரிக்காவில் 1930களில், பொருளாதார மந்தத்தின்போது, கனிந்து கறுத்த வாழைப்பழத்தை எறியாமல் சோடாவுடன் சேர்த்து வேகவைக்கும் வழக்கம் பரவலாயிற்று. இங்கும் அங்கும் காரணம் ஒன்றுதான்: பழம் வீணாகக் கூடாது.

எமக்குக் கிடைத்த மிகப் பழைய ஆதாரம் ஓர் அப்பியாசக் கொப்பி. அதன் முதற் பக்கங்கள் ஆங்கிலத்தில், அவுன்சிலும் இறாத்தலிலும் எழுதப்பட்டுள்ளன. நடுப்பக்கங்களில் திடீரெனத் தமிழ் வருகிறது. தாய்மொழிக் கல்வி வகுப்பு வகுப்பாக மேலே ஏறிவந்த காலத்தின் அடையாளம் அது. கடைசிப் பக்கங்களில், 1970களில் வந்த மெற்றிக் முறைக்கு ஏற்ப, கிராம் கணக்கு ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. மூன்று கைகள், மூன்று காலங்கள், ஒரே கொப்பி. ஓர் ஆசிரியை ஓய்வு பெறும்போது அடுத்தவரிடம் கொடுத்துச் சென்றது அது.

முதற் செய்முறையில் குறை எதுவுமில்லை. அது தாராளமான காலத்துக் கணக்கு. ஆனால் அக்காலத்திலும் எமது ஆசிரியைகள் ஆழமான கேக் அச்சைத் தவிர்த்துத் தட்டையான தகரத் தட்டையே தேர்ந்தனர். இதற்கு இரண்டு காரணங்களைக் கொப்பி கூறுகிறது. ஆழமான அச்சில் உள்ள கேக் வேக ஒரு மணித்தியாலம் வேண்டும். தட்டில் பரப்பினால் அரை மணித்தியாலம் போதும். ஒரே பாடவேளையில் செய்து முடிக்கலாம், விறகும் மிச்சம். இரண்டாவது, தட்டில் உள்ளதைச் சதுரமாக வெட்டினால் எண்ணிப் பகிரலாம். பெரிய துண்டு யாருக்கு என்ற சண்டை வராது.

மேற்பூச்சுக்கும் காரணம் உண்டு. ஐசிங் சீனியில் தேசிப்புளி கலந்து மெல்லிய படலமாக ஊற்றும்போது அது இறுகி, உள்ளே உள்ள ஈரத்தை வெளியே போகாமல் காக்கிறது. புளிப்பு, பழத்தின் தித்திப்பை அடக்குகிறது. கொதிக்கும் சூட்டில் ஊற்றினால் உருகி வழிந்துவிடும். நன்றாக ஆறியபின் ஊற்றினால் பரவாது. கையில் பிடிக்கக்கூடிய இளஞ்சூட்டில் ஊற்ற வேண்டும். "பொறுமையைப் படிக்கவே இந்தப் பாடம்" என்று ரீச்சர் சொன்னதைப் பலர் எழுதியிருக்கிறார்கள்.

1970களின் முற்பகுதியில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. பாணுக்கு விடியமுன்னரே வரிசை. கோதுமை மாவும் சீனியும் அளந்தே கிடைத்தன. 1972 கல்விச் சீர்திருத்தத்தோடு தொழில் முன்னிலைப் பாடங்கள் அறிமுகமாகி, உள்ளூர்ப் பொருட்களைக் கொண்டு செய்வதே பாடமாகியது. இரண்டாவது செய்முறை பிறந்தது அப்போதுதான். பட்டர் மாஜரீனாயிற்று. முட்டை ஒன்றாகக் குறைந்தது. மாவின் ஒரு பங்குக்கு வறுத்த சிவப்பரிசி மா சேர்ந்தது. வாழைப்பழத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. நீர்வேலித் தோட்டங்களிலிருந்து கதலிக் குலைகள் சைக்கிளில் சந்தைக்கு வந்துகொண்டிருந்தன.

மூன்றாவது செய்முறையைப் பற்றி எழுதும்போது எமது கை சற்றுத் தயங்குகிறது. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டதன் பின்னர் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. எரிபொருள், சவர்க்காரம், பற்றரி எனப் பல பொருட்களுக்குத் தடை. மண்ணெண்ணெயின் விலை எட்டாத உயரம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்தே வெளியூர் போய் வந்தோம். இந்த நிலையில் மின்போறணை வெறும் அலுமாரியாகி, அதற்குள் கொப்பிகள் அடுக்கப்பட்டன.

ஆனால் பாடம் நிற்கவில்லை. பெரிய கிடாரத்தின் அடியில் மணலைப் பரப்பி, அதன்மேல் தகரத் தட்டை வைத்து, மூடியின்மேல் சிரட்டைத் தணல் போட்டு, மேலும் கீழும் சூடு கொடுத்தார் விடுதிச் சமையல் அக்கா. எந்த நேரத்தில் தணலை வாரி எடுப்பது என்பது அவருக்கே தெரிந்த கணக்கு. முட்டைக்குப் பதிலாகப் பழமே மாவைப் பிணைத்தது. பேக்கிங் பவுடருக்குப் பதிலாக அப்பச்சோடாவும் தேசிப்புளியும். புளிப்பு சோடாவைச் சந்திக்கும்போது எழும் வாயுவே மாவைப் பொங்கச் செய்யும் என்பதை விஞ்ஞான பாடத்தில் படித்ததைவிட அங்கேதான் விளங்கிக்கொண்டோம். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி. மேற்பூச்சும் பனங்கட்டிப் பாகுதான். தேங்காய்ப்பாலில் காய்ச்சிக் கம்பிப்பதம் வந்ததும் ஊற்றினால் கறுத்து மினுங்கும்.

அந்தக் கொப்பியின் கடைசி அட்டையின் உட்புறத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. 1995 ஒக்ரோபர் முதல் வாரம், ஆசிரியர் தினத்தை ஒட்டிய செய்முறை வகுப்பு. வழக்கமாக 24 துண்டாக வெட்டும் தட்டை அன்று ஏழுக்கு நான்காக 28 துண்டாக வெட்டியிருக்கிறார்கள். க.பொ.த. சாதாரண தர வகுப்பு மாணவிகள் 27 பேரின் பெயர்களும் வரிசையாக, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சரி அடையாளம். 28 ஆவது வரியில் "சமையல் அக்கா" என்று மட்டும் உண்டு.

அந்த மாதம் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. மழையில், நாவற்குழிப் பாலத்தின்மேல், ஓரடி வைக்க ஒரு மணித்தியாலம் எடுத்த அந்தப் பயணத்தைப் பற்றி இம்மலரிலேயே வேறு கட்டுரைகள் உண்டு. எமது ஆசிரியை ஒருவர் உடுபுடவைப் பையின் அடியில் அந்தக் கொப்பியை வைத்துத் தென்மராட்சிக்குக் கொண்டுசென்றார். ஏன் அதை எடுத்தார் என்று அண்மையில் கேட்டோம். "மேசையில் கிடந்தது, எடுத்தேன்" என்றார். 1996 இல் திரும்பி வந்தபோது கல்லூரி அலுவலகத்தில் அந்த ஆண்டு இடாப்புகள் இருக்கவில்லை. ஆகவே அந்த வகுப்பில் யார் யார் படித்தார்கள் என்பதற்கு எம்மிடம் உள்ள ஒரே எழுத்து ஆதாரம், வாழைப்பழத் துண்டு பெற்றவர்களின் இந்தப் பட்டியல்தான்.

இந்த மலருக்காக அந்த 27 பெயர்களையும் தேடினோம். 19 பேரைக் கண்டுபிடித்திருக்கிறோம். மூவர் இன்று எம்மிடையே இல்லை. போர் அவர்களைக் கொண்டுபோயிற்று. ஐந்து பேரைப் பற்றி இன்னும் எந்தத் தகவலும் கிடைக்கவில்லை. சமையல் அக்காவைப் பொறுத்தவரை எமது வெட்கத்தையும் சொல்ல வேண்டும். பத்தாண்டுகளுக்கும் மேலாக எமக்குச் சமைத்துப் போட்டவரை நாம் அக்கா என்றே அழைத்தோம். எமது முந்தைய மலர்கள் எதிலும் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபோது பட்டரும் ஐசிங் சீனியும் லொறியில் வந்தன. முதற் செய்முறை மீண்டும் கரும்பலகையில் ஏறியது. 2006 ஓகஸ்ட்டில் பாதை மூடப்பட்டபோது மூன்றாவது செய்முறை திரும்பியது. 2022 இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்றபோது, விடுதிப் பிள்ளைகள் எமது பழைய மணல் கிடாரத்தைத் தேடியெடுத்தார்கள். எப்படிச் செய்வது என்று கேட்டுத் தொலைபேசியில் எம்மை அழைத்தார்கள்.

வெளிநாட்டில் உள்ளோர் "அந்த ருசி வரவில்லை" என்று எழுதுவதற்கும் விடை உண்டு. அங்கு கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கவெண்டிஷ் இனம். கதலியில் உள்ள இலேசான புளிப்பு அதில் இல்லை. தோல் நன்றாகக் கறுக்கும்வரை பழுக்க விட்டு, பிசையும்போது ஒரு தேக்கரண்டி தேசிப்புளி சேர்த்துப் பாருங்கள். பழம் கனியக் கனிய அதிலுள்ள மாப்பொருள் சீனியாக மாறும். ஆகவே மஞ்சள் பழம் உதவாது.

எந்தச் செய்முறை உண்மையானது என்ற கேள்விக்கு மலர்க்குழுவில் இரண்டு கூட்டங்களில் விவாதம் நடந்தது. முதலாவதே மூலம் என்றனர் சிலர். அதை மட்டும் அச்சிட்டால் 1995 வகுப்பு எங்கே போகும் என்று கேட்டனர் மற்றவர்கள். இறுதியில் முதலாவதையும் மூன்றாவதையும் அருகருகே தருவதென முடிவு செய்தோம். இரண்டாவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அவரவர் கைக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளலாம்.

முதலாவது: பட்டர் 4 அவுன்ஸ், சீனி 6 அவுன்ஸ் இரண்டையும் நுரைக்க அடித்து, 2 முட்டை சேர்க்கவும். பிசைந்த கதலிப்பழம் ஒன்றரைக் கோப்பை, அரித்த கோதுமை மா 8 அவுன்ஸ், அப்பச்சோடா 1 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி கலந்து, 9க்கு 13 அங்குலத் தட்டில் பரப்பி, 180 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 25 நிமிடம் வேகவிடவும். இளஞ்சூட்டில், 4 அவுன்ஸ் ஐசிங் சீனியை 1 மேசைக்கரண்டி தேசிப்புளியில் குழைத்து ஊற்றவும். இறுகினால் சில துளி வெந்நீர் விடலாம்.

மூன்றாவது: கோதுமை மா 1 சுண்டு, வறுத்த அரிசி மா அரைச் சுண்டு, அப்பச்சோடா 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. பிசைந்த கதலி 1 சுண்டு, துருவிய பனங்கட்டி அரைச் சுண்டு, தேங்காய் எண்ணெய் கால் சுண்டு சேர்த்து, தேங்காய்ப்பால் விட்டுத் தளர்த்தவும். கடைசியாக 1 மேசைக்கரண்டி தேசிப்புளி விட்டு, உடனே தட்டில் ஊற்றவும், தாமதித்தால் பொங்காது. சூடான மணலின்மேல் வைத்து, மூடியில் தணலிட்டு, ஈர்க்கு குத்தினால் ஒட்டாமல் வரும்வரை வேகவிடவும்.

கொப்பியைத் தற்போது கல்லூரி நூலகத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். 1995 இல் அந்தச் சாதாரண தர வகுப்பில் இருந்தவர்கள், அல்லது அவர்களை அறிந்தவர்கள், சங்கத்துக்கு ஒரு வரி எழுதுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம். சமையல் அக்காவின் குடும்பத்தினரை அறிந்தவர்களும் எழுதுங்கள். பட்டியலின் 28 ஆவது வரியிலும் ஒரு பெயரை எழுத வேண்டியிருக்கிறது.