சத்தத்தால் பழுதறிந்தவர்கள்: நெகிரி செம்பிலான் தோட்டங்களின் எந்திரக் கொட்டகைகள்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களைப் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் துரை (மேலாளர்), கிராணி (எழுத்தர்), கங்காணி (ஆள்திரட்டிய மேற்பார்வையாளர்), பால்வெட்டுத் தொழிலாளர் ஆகியோரைச் சுற்றியே எழுதப்பட்டுள்ளன. வெட்டிய பால் விற்பனைச் சரக்காக மாறிய 'ஸ்டோர்' என்னும் ஆலையில் எந்திரம் ஓட்டியவரும், அது வழக்கத்துக்கு மாறாக ஒலித்தபோது பழுது எங்கே என்று காதால் கண்டறிந்தவரும் அவற்றில் அரிதாகவே தென்படுகின்றனர். பால்வெட்டுக்கு எடை உண்டு, களையெடுப்புக்கு ஏக்கர் உண்டு. நின்றுபோகாமல் ஓடிய எந்திரத்தைச் 'செக்ரோல்' எனப்பட்ட வருகை, கூலிப் பேரேட்டில் எந்த அளவையால் பதிவது என்பது தோட்ட நிர்வாகத்துக்கே விளங்காத கணக்கு.

இம்மாநிலத்துக்கு எந்திரம் ரப்பருக்கு முன்பே வந்துவிட்டது. சிரம்பானையும் போர்ட் டிக்சன் துறைமுகத்தையும் இணைத்த சுமார் 39 கிலோமீட்டர் நீளமுள்ள சுங்கை உஜோங் இரயில்பாதை 1891-இல் திறக்கப்பட்டபோது சுற்றுவட்டாரத் தோட்டங்களில் காப்பியே முதன்மைப் பயிராக இருந்தது. பிரேசில் காப்பியின் பெருக்கத்தால் விலை சரிந்த பின்னரே ரந்தாவ், லிங்கி, லாபு வட்டாரங்கள் ரப்பருக்கு மாறின. இரயில்வேயின் பட்டறைகளிலும் அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத் தமிழர் பெருமளவில் இடம்பெற்றனர். தோட்டத்திலோ, கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து வந்த குடும்பத்து இளைஞன் எண்ணெய்க் குவளை பிடிக்கும் எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்தும் கேட்டும் தொழில் கற்றான். பெரும் பழுதுகளுக்கு நகரத்துப் பட்டறைகளையோ, 1912-இல் இரு நிறுவனங்களின் இணைப்பால் சிங்கப்பூரில் உருவான யுனைடெட் எஞ்சினியர்ஸ் போன்ற குழுமங்களையோ நாட வேண்டியிருந்தது. பொறியாளர் வந்து சேரும்வரை எந்திரத்தைக் காப்பாற்றுவது கொட்டகையில் நின்றவனின் பொறுப்பாயிற்று.

அமிலம் ஊற்றி உறையவைத்த பாலைக் 'கிரேப்' எனப்படும் சொரசொரப்பான தாளாக்குவதற்கு, வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரும்பு உருளைகளுக்கிடையே நீர் வார்த்தபடி அதைப் பலமுறை நசுக்க வேண்டும். இதற்கான விசை, கூரையடியில் ஓடிய நீண்ட அச்சுத்தண்டிலிருந்து தோல்வார்கள் வழியாக உருளைகளுக்கு வந்தது. தண்டைச் சுழற்றியது தொடக்கத்தில் நீராவி எந்திரம், பின்னர் எண்ணெய் எந்திரம். இங்கிலாந்தின் கிராந்தம் நகரில் 1892 முதல் செய்யப்பட்ட ஹார்ன்ஸ்பி-அக்ராய்டு வகை எந்திரத்தில், ஊதுவிளக்கால் பழுக்கக் காய்ச்சிய ஓர் இரும்புக் குமிழே எண்ணெயைப் பற்றவைத்தது. இத்தகைய 'சூட்டுக்குமிழ்' எந்திரங்களில் குமிழ் அளவுமீறிச் சூடானால் எண்ணெய் உரிய நேரத்துக்கு முன்பே எரிந்து, எந்திரத்தின் உருளைக்குள் (சிலிண்டர்) சம்மட்டி விழுவதுபோன்ற அடி எழும்; பிற்கால வகைகள் சிலவற்றில் காற்றோடு சிறிது நீரைச் சொட்டவிட்டு அதை அடக்கினர். எவ்வளவு நீர் விடுவது என்பதைக் காதே தீர்மானித்தது.

அக்காலத்து எந்திரங்களின் மெதுவான ஓட்டம் கேட்பவனுக்குத் துணையாயிற்று. 1930-களில் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளெங்கும் பரவிய லிஸ்டர் சி.எஸ். என்னும் ஒற்றை உருளை டீசல் எந்திரம் நிமிடத்துக்கு 600 சுற்றுச் சுற்றியது. நான்கு வீச்சு எந்திரத்தில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே எரிதல் நிகழும் என்பதால், நிமிடத்துக்கு 300, அதாவது நொடிக்கு ஐந்து வெடிப்புகளைப் பழகிய காது தனித்தனியே பிரித்தறியும். புதிதாகச் சேர்ந்த சத்தம் வெடிப்போடு ஒட்டி வருகிறதா, வால்வு மூடும் கணத்தில் வருகிறதா, ஒவ்வொரு சுற்றிலும் வருகிறதா என்று கணக்கிடுவதே தேடலின் முதற்படி. அடுத்தது சுமை: உறைந்த பால்கட்டி நசுக்கும் உருளைகளுக்கிடையே நுழைந்து எந்திரம் திணறும்போது கனத்துக் கேட்கும் அடி, பெரும்பாலும் இணைப்புத்தண்டு வளைதண்டைப் பற்றும் 'பிக்-எண்ட்' தாங்கியின் தேய்வைக் காட்டும், குளிர்ந்திருக்கையில் தட்டி, சூடேறியதும் மறைவது பிஸ்டன் உருளைச்சுவரில் மோதும் ஒலி. இறுதியில் திருப்புளியின் முனையை எந்திரத்தின் உடலில் அழுத்தி, அதன் கைப்பிடியைக் காதெலும்பில் பதித்து, இடம் மாற்றி மாற்றிக் கேட்பர். இரும்பின் வழியே நேராக ஏறிவரும் அதிர்வு, கொட்டகையின் மற்ற இரைச்சலிலிருந்து பிரிந்து நிற்கும்.

தேய்ந்த தாங்கியைச் சரிசெய்வது அவ்விடத்திலேயே இயன்றது. வெள்ளீயத்தோடு ஆன்டிமனியும் செம்பும் கலந்த 'வெள்ளை உலோகம்' அதன் உட்பரப்பில் பூசப்பட்டிருக்கும். ஐசக் பாபிட் என்னும் அமெரிக்கர் 1839-இல் காப்புரிமை பெற்ற தாங்கி அமைப்பிலிருந்து பரவிய இம்முறையில், தேய்வு சிறிதானால் தாங்கியின் இரு பாதிகளுக்கிடையே உள்ள மெல்லிய தகடுகளில் ஒன்றை எடுத்து இடைவெளியைக் குறைக்கலாம், மிகுந்தால் உலோகத்தை உருக்கி வார்த்துச் சுரண்டிப் பொருத்தலாம்.

ஆயினும் தாங்கியைக் கழற்றிய பின்னும் தீராத அடி ஒன்று உண்டு. வளைதண்டோடு கனத்த ஃபிளைவீல் சக்கரத்தைப் பிணைக்கும் ஆப்பு மயிரிழையளவு தளர்ந்தாலும், ஒவ்வொரு வெடிப்பிலும் சக்கரம் பின்தங்கி மோதி, பிக்-எண்ட் போய்விட்டது என்றே நம்பவைக்கும். 1964-இல் வந்த போண்டியாக் ஜி.டி.ஓ. முதலாக அமெரிக்காவில் பெருகிய, பெரிய வி-8 எந்திரம் பூட்டிய 'மசில் கார்'களைப் பேணுவோரையும் இதே மாயம் அலைக்கழிக்கிறது: தானியங்கிக் கியர்பெட்டியோடு எந்திரத்தை இணைக்கும் மெல்லிய எஃகுத்தட்டில் விரிசல் விழுந்தால் எழும் ஒலி இணைப்புத்தண்டின் அடியைப் போலவே இருப்பதால், பழுதில்லாத எந்திரம் முழுதாகப் பிரிக்கப்படுவதுண்டு. எந்திரத்தைப் பிரிக்குமுன் அதைச் சுற்றியுள்ளவற்றை ஐயுற வேண்டும் என்னும் இந்த ஒழுங்கு, கண்டமும் காலமும் வேறான இரு தொழிற்சூழல்களில் ஒன்றுபோல் உருவானது வியப்புக்குரியதன்று. பிரிப்பதற்கான செலவே இரண்டிடத்தும் ஆசானாக இருந்திருக்கிறது.

செலவு மிகக் கடுமையாக உறுத்திய காலங்கள் இரண்டு. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார வீழ்ச்சியால் ரப்பர் விலை சரிந்து, தொழிலாளர் பலர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டபோது, புது எந்திரம் கேட்கும் துணிவு எந்தத் துரைக்கும் இருந்திருக்காது. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சியிலோ உதிரிப்பாகங்களின் வரத்தே நின்றது. டீசலுக்கு மாற்றாகச் செம்பனை எண்ணெயும் எரிக்கப்பட்டது.

போருக்குப் பின் பெட்ஃபோர்டு போன்ற லாரிகள் பெருகியபோது கொட்டகையின் அறிவு சாலைக்கும் பெயர்ந்தது. ஆறு உருளைகள் விரைந்து ஓடும் எந்திரத்தில் வெடிப்புகளை எண்ண இயலாது. ஆகவே பெட்ரோல் எந்திரத்தில் பொறிச்செருகியின் மின்னை ஒவ்வொன்றாகத் துண்டித்தும், டீசலில் எண்ணெய்க் குழாயின் மரையை ஒவ்வொன்றாகத் தளர்த்தியும், எந்த உருளை ஓயும்போது அடி மங்குகிறதோ அதையே குற்றவாளியாகக் கொண்டனர்.

தொழிற்சாலைகள் மற்றும் எந்திரங்கள் சட்டம் 1967-இல் வந்து, அதன்கீழ் 1970-இல் விதிகள் வகுக்கப்பட்ட பின், எந்திர ஓட்டுநருக்கு முதல் தரம், இரண்டாம் தரம் என்னும் தகுதிச் சான்றிதழ்கள் நிலைபெற்றன. ஆனால் அதற்குள் தோட்டங்கள் செம்பனைக்கு மாறத் தொடங்கியிருந்தன. பழக்குலைகள் பெரிய ஆலைகளுக்குச் சென்றன, மின்கம்பிகள் வந்தன, தோல்வார்கள் அவிழ்ந்தன. இன்றைய கார்களின் எந்திரத்தில் திருகப்பட்டுள்ள 'நாக் சென்சார்' என்னும் அதிர்வுணரி, முறைதவறிய எரிதலின் ஒலியைப் பொதுவாக 5 முதல் 15 கிலோஹெர்ட்ஸ் எல்லைக்குள் கேட்டு, பற்றவைக்கும் நேரம் தானே தள்ளிப்போக வழிசெய்கிறது. நீர் சொட்டவிட்டவனின் வேலையை அது ஏற்றுக்கொண்டுவிட்டது. தளர்ந்த ஆப்பையும் விரிசல் விட்ட தட்டையும் இனங்காண்பது அதன் வேலையில் சேராது என்பதால், அவற்றைத் தேடுபவர் இப்போதும் திருப்புளியைக் காதில் வைக்கிறார்.